நறுக்குன்னு நாலு வார்த்தை

பிரிக்பீல்ட்ஸ் வெற்றிலைக் கடையில் பாக்குவெட்டி 'நறுக்' என்றது. சுண்ணாம்பு வாசனையோடு எண்பதுகளின் எங்கள் கிள்ளான் வீடு கண்முன் வந்துவிட்டது.

பதினைந்து வயதில் நான் பள்ளியில் மூன்றாம் படிவம் முடித்திருந்த நேரம். பெரியப்பா வந்து உட்கார்ந்து, "பொம்பளப் புள்ளைக்கு இது போதும்லா. ஃபேக்டரியில ஆள் எடுக்குறாங்க, அனுப்பி வை" என்று அரைமணி நேரம் பேசினார். அம்மா அவருக்காகப் பாக்கு வெட்டிக்கொண்டிருந்தாள். நறுக்கென்று ஒரு பாக்கு பிளந்தது. நிமிர்ந்தாள்.

"எம்பொண்ணு படிப்பா. நீங்க கெளம்புங்க."

வெட்டிய பாக்கை அவரிடம் நீட்டவில்லை. தன் வாயில் போட்டு மென்றாள்.

நறுக்குன்னு நாலு வார்த்தை என்றால் சுருக்கமாகப் பேசுவது மட்டுமா? எதிரில் இருப்பவருக்குப் பேச ஒன்றுமில்லாமல் செய்வது. அந்தச் சொல் எங்கே பிறந்தது என்று பண்டிதர்கள் தேடட்டும். பிறந்தபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன்.