டாக்டர் சொன்ன காடு

கோவில்பட்டியில் காலை ரயில் ஏறும்போது காதில் இயர்போன் இருந்தது. நான் கணக்கு டீச்சர். ஆங்கிலம் வாசித்தால் புரியும், யாராவது பேசினால் புரியாது. அதனால் சில மாதங்களாக அன்றாட ஆங்கிலச் சொற்றொடர்களைக் காதால் கேட்டுப் பழகி வந்தேன். அன்று மனம் ஓடவில்லை, நிறுத்திவிட்டேன். திருவனந்தபுரத்தில் ஆரியசாலை இரும்புக்கடையில் வேலை பார்க்கும் தம்பி செந்தில், பொன்முடி மலையடிவாரத்துக் கல்லாற்றில் குளிக்கப் போன இடத்தில் பாறையில் வழுக்கி விழுந்து, தலையில் அடிபட்டு நகரத்து ஆஸ்பத்திரியில் கிடந்தான்.

நண்பகலில் போய்ச் சேர்ந்தேன். தலையில் கட்டோடு மருந்து மயக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தான். டாக்டர் இளம்பெண். எனக்கு மலையாளம் தெரியாது என்றதும் ஆங்கிலத்தில் மளமளவென்று பேசினார். கடைசி வாக்கியம் மட்டும் தெளிவாகக் கேட்டது: "ஹி இஸ் நாட் அவுட் ஆஃப் த வுட்ஸ் யெட்."

அவன் இன்னும் காட்டை விட்டு வெளியே வரவில்லை. தலையாட்டி வைத்தேன்.

எவன் வரவில்லை? செந்தில் கண்ணெதிரே கிடக்கிறானே. அப்படியென்றால் அவனோடு போன அறைத்தோழன் செல்வமா? செல்வத்துக்குப் போன் போட்டால் தொடர்பு கிடைக்கவில்லை. நர்ஸிடம் கேட்டேன்.

"கூட்டுகாரனோ? அவன் ராவிலே கல்லாறிலேக்குப் போயல்லோ."

கூட்டாளி காலையிலேயே கல்லாற்றுக்குப் போய்விட்டான் என்பது மட்டும் புரிந்தது. அந்தப் பையனுக்கும் அம்மா இருக்கிறாள். செந்திலை நர்ஸிடம் ஒப்படைத்துவிட்டுத் தம்பானூர் பஸ் ஸ்டாண்டில் கல்லாறு வழியாகப் போகும் பொன்முடி பஸ்ஸைப் பிடித்தேன்.

நெடுமங்காடு தாண்டியதும் ரப்பர் மரங்கள் நெருங்கி வந்தன. கண்டக்டரிடம், "கல்லாறு காட்டுல யாராவது தொலஞ்சு போயிட்டாங்களா?" என்றேன்.

"காட்டிலோ? ஆரு பறஞ்ஞு?"

"டாக்டர்."

அவர் என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போனார்.

நகரத்திலிருந்து சுமார் நாற்பத்தைந்து கிலோமீட்டர். கல்லாற்றில் இறங்கினால், டீக்கடை வாசலில் செல்வம் பைக்கைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

"எப்படா காட்டுலேர்ந்து வந்த?"

"எந்தக் காடுக்கா? அன்னைக்குப் பைக்கை இங்கயே விட்டுட்டு ஆம்புலன்ஸ்ல போயிட்டோம். எடுக்க வந்தேன்."

"அப்ப வேற யாரு உள்ள இருக்கா?"

"நாங்க ரெண்டு பேருதான் வந்தோம்."

ஒன்றும் விளங்கவில்லை. அவனோடு பைக்கில் திரும்பினேன். வழியில் விதுராவில் போன் சிக்னல் வந்ததும் வண்டியை ஓரங்கட்டச் சொல்லி, அந்த வாக்கியத்தைப் போனில் தேடினேன். ஆபத்து இன்னும் நீங்கவில்லை என்று அர்த்தம் காட்டியது.

காடும் இல்லை, தொலைந்தவனும் இல்லை. ஆபத்தில் கிடந்தவன் என் தம்பி. அவனை விட்டுவிட்டு நான் இவ்வளவு தூரம் வந்திருக்கிறேன்.

"சீக்கிரம் போ செல்வம்."

வார்டு வாசலிலேயே டாக்டர் எதிர்ப்பட்டார். "ஹி ஹாஸ் டர்ன்ட் த கார்னர்."

மூலை திரும்பிவிட்டானா? எந்த மூலை? இந்த முறை தலையாட்டவில்லை. "மேடம், எனக்குப் புரியல. ப்ளீஸ், ஈஸியா சொல்லுங்க."

அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "பயம் இல்ல. இனி... நல்லா ஆகும். கண்ணு துறந்நு, முழிச்சாச்சு. அக்கா எவிடேன்னு கேட்டு."

"மேடத்துக்குத் தமிழ் தெரியுமா?"

"குறச்சு, கொஞ்சம். தப்பாயிட்டு சொல்லிடுவேன்னு பேடி, பயம். அதான் இங்கிலீஷ்."

உள்ளே செந்தில் விழித்திருந்தான். "எங்கக்கா போன?" என்றான் பலவீனமாக. அவன் நெற்றியைத் தடவிக்கொண்டு நின்றேன்.

ஊருக்குக் கிளம்பும்வரை டாக்டர் என்னிடம் தமிழிலும் நான் அவரிடம் ஆங்கிலத்திலும் பேசினோம். இருவருக்கும் பாதிதான் புரிந்தது. புரியாத பாதியை மறுபடி கேட்டுக்கொண்டோம். கோவில்பட்டியில் என் வகுப்பில் "புரிஞ்சுதா?" என்றால் எல்லாத் தலையும் ஒன்றாக ஆடும். இத்தனை வருடம் அதை நம்பித்தான் அடுத்த கணக்குக்குப் போயிருக்கிறேன்.