கிராபிக்ஸ் கார்டும் பாப்பாவின் சட்டையும்

கம்ப்யூட்டர் கேபினெட்டின் தலைமேல் ஒரு ஜோடிக் குழந்தைச் சாக்ஸும், என் உள்ளங்கையைவிடக் கொஞ்சமே பெரிதான ஒரு பனியனும் பரப்பி வைக்கப்பட்டிருந்தன. எட்டு வருடத்துக்கு முந்தைய ஐப்பசிக் காலை அது. ஒரு வீட்டின் படத்தை வரையச் சொல்லி கம்ப்யூட்டரிடம் விட்டுவிட்டுப் பல் துலக்கப் போயிருந்தேன். திரும்பி வந்தபோது, மேல்துளைகள் வழியாக வந்த சூட்டில் சாக்ஸிலிருந்து மெல்ல ஆவி கிளம்பிக்கொண்டிருந்தது. பக்கத்தில் நின்று அடுத்த சட்டையைப் பிழிந்துகொண்டிருந்தார் என் அண்ணி. எனக்குச் சுர்ரென்று தலைக்கேறிவிட்டது. “இது என்ன துணி காயப்போடற கொடியா? உள்ள ஒரு சொட்டுத் தண்ணி எறங்குனா என் பொழப்பே போயிரும். இனிமே இதுகிட்ட யாரும் வரக்கூடாது” என்று கத்தினேன். தொட்டிலில் கிடந்த குழந்தை விழித்துக்கொண்டு அழுதது. அண்ணி “சரிங்க தம்பி” என்று மட்டும் சொல்லிவிட்டு, துணிகளை ஒவ்வொன்றாக எடுத்து மடியில் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

எங்கள் மலையூரான மஞ்சக்குட்டையில் அண்ணன் வீடும் எங்கள் வீடும் ஒரே சுவருக்கு இந்தப்புறமும் அந்தப்புறமும். அண்ணன் காபி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர். அண்ணிக்கு அதே எஸ்டேட்டில் காபி உலர்த்தும் இடத்தில் வேலை. வெயில் இல்லாத நாட்களில் டிரையரை ஓட்டி உலர்த்துவார்கள்; கொட்டை பதமாகிவிட்டதா, இன்னும் ஈரம் நிற்கிறதா என்று அண்ணி கையை விட்டுப் பார்த்துச் சொல்லுவார். அவர் சொன்னபிறகுதான் மூட்டை கட்டுவார்கள். என் மனைவி மிஷன் பள்ளியில் ஆசிரியை. குழந்தை பிறந்து ஆறு மாதத்தில் அவள் பள்ளிக்குத் திரும்பியதும், தினமும் காலையில் பாப்பாவைக் குளிப்பாட்டித் துணி துவைத்துப் போட்டுவிட்டு வேலைக்குப் போகும் பொறுப்பை அண்ணி தானாகவே எடுத்துக்கொண்டார். அப்படிச் செய்யும்படி நாங்கள் கேட்கவில்லை. நன்றி சொன்னதாகவும் நினைவில்லை.

எங்கள் ஊர்ப் பனிக்காலத்தைப் பற்றி, வந்து இரண்டு நாள் தங்கிப் போட்டோ எடுத்துக்கொண்டு போகிறவர்களுக்கு ஒன்றும் தெரியாது. உப்பு ஜாடியில் தண்ணீர் நிற்கும். தீப்பெட்டி நமத்துப் போகும். துவைத்துப் போட்ட துணி நாலாம் நாளும் ஈரமாகவே இருந்து ஒரு வாடையும் பிடித்துக்கொள்ளும். பாப்பாவுக்கு அப்போது அடிக்கடி மூச்சு இளைப்பு வரும். அடுப்புக்கு மேலே கட்டிக் காயவைத்தால் துணியில் புகை ஏறும், புகை ஆகாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். சரி, அயர்ன் பாக்ஸ் வைத்தாவது உலர்த்தலாம் என்றால், அதை வைத்த நொடியில் வோல்டேஜ் இறங்கி என் கம்ப்யூட்டர் அணைந்துவிடும். அதற்கும் தடை போட்டிருந்தேன். யோசித்துப் பார்த்தால் அந்த வீட்டில் நான் ஒரு குட்டி ராஜாங்கமே நடத்திக்கொண்டிருந்திருக்கிறேன்.

ஒரு காரணம் இருந்தது. குழந்தை பிறந்தபோது பெங்களூரு வேலைக்கு நீண்ட விடுப்புப் போட்டுவிட்டு மலைக்கு வந்தவன் நான். இங்கே இருந்தபடியே வீட்டுப் படங்கள் வரைந்து பிழைத்துக்கொள்ளலாம் என்று ஓர் எண்ணம். நான் கத்திய அந்தக் காலைக்கு ஒரு மாதம் கழித்து, ஆபீசில் பொறுத்துப் பார்த்துவிட்டு, இந்தத் திங்கட்கிழமை வந்து சேர், இல்லையென்றால் வரவே வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். அதே நேரத்தில் சென்னைக்காரர் ஒருவர் செம்மநத்தம் போகும் வழியில் சரிவான ஒரு நிலம் வாங்கியிருந்தார். அதில் கட்டப்போகும் வீட்டைத் திரையிலேயே நடந்து பார்க்கவேண்டும், வாசலில் நுழைந்து கூடம் கடந்து பின்பக்க மரங்கள் வரைக்கும் போகவேண்டும் என்றார். பிடித்துப்போனால் அதே நிலத்தில் இன்னும் எட்டு குடில்களுக்கும் நான்தான் வரைவேன். ஒரு வருடத்துக்குக் கவலை இல்லை. அவர் பார்க்க வருவது ஞாயிற்றுக்கிழமை. அவர் தலையாட்டினால் நான் மனைவி குழந்தையோடு இருப்பேன், உதட்டைப் பிதுக்கினால் மறுநாள் பெட்டியைத் தூக்கவேண்டும்.

என் கம்ப்யூட்டரோ அந்த நடைக்கு லாயக்கில்லாதது. அதில் படம் காட்டுவதற்கென்று தனியாக எதுவும் கிடையாது. கணக்குப் போடும் சிப்பே ஓரமாக அந்த வேலையையும் பார்த்துக்கொள்ளும். எஸ்டேட் ரைட்டரையே ஜீப்பும் ஓட்டச் சொன்ன மாதிரி. வெறும் கோடு போட்ட பிளானுக்கு அது போதும். வீட்டுக்குப் பின்னால் சில்வர் ஓக் மரங்களை நட ஆரம்பித்ததும் திணறியது. மரத்துக்கு ஆயிரக்கணக்கான இலை, இலை ஒவ்வொன்றுக்கும் நிழல். நாலு மரத்துக்குத் தாங்கியது. பத்துக்கு விக்கியது. இருபதில் ஓர் அடி எடுத்து வைத்தால் அடுத்த அடிக்குள் ஒரு காபி குடித்துவிடலாம். மரங்களை வெட்டி வெட்டி மலையையே மொட்டையடித்துப் பார்த்தேன், சகிக்கவில்லை. கடைசியில் கையிலிருந்ததைத் திரட்டி, சேலத்துக் கடையொன்றில் படம் காட்டும் வேலைக்கென்றே வரும் கிராபிக்ஸ் கார்டும் அதைத் தாங்கும்படி புதிய பவர் சப்ளையும் சொல்லிவிட்டேன். கடைக்காரர் பஸ் கண்டக்டரிடம் கொடுத்தனுப்பினார். எஸ்டேட்டுக்கு மோட்டார் பெல்ட் வருவதும், எங்களுக்கு மருந்து வருவதும் அப்படித்தான்.

வியாழக்கிழமை நானே மாட்டினேன். செங்கல் நீளத்துக்கு இரண்டு மின்விசிறியோடு இருந்த அந்தக் கார்டு, கம்ப்யூட்டரின் உள்பலகையில் ‘டக்’ என்று உட்கார்ந்தபோது எனக்கு ஏற்பட்ட பெருமை இருக்கிறதே, வீட்டையே கட்டி முடித்தவனுக்குக்கூட அப்படி இருக்காது. பவர் ஒயர்களைச் செருகினேன், மென்பொருளை ஏற்றினேன், விசிறிகள் சுழன்றன, திரையில் படம் வந்தது. இருபது மரத்தை நட்டு நடந்து பார்த்தேன். பழையபடியே விக்கியது. கழற்றினேன், மாட்டினேன், மறுபடி ஏற்றினேன். வெள்ளிக்கிழமை முழுதும் அதே கதை. கடைக்காரருக்குப் போன் போட்டு, செத்த கார்டை என் தலையில் கட்டிவிட்டீர்களே என்று சண்டை பிடித்தேன். அவர் பொறுமையாக, “கேபிள் எல்லாம் சரியா மாட்டியிருக்கீங்களா சார்?” என்று கேட்டார். பத்து வருடமாகக் கம்ப்யூட்டரோடு புழங்குகிறவனிடம் கேட்கிற கேள்வியா அது என்று எனக்கு மானம் போய்விட்டது. எல்லாம் சரியாகத்தான் இருக்கிறது என்று சொல்லி வைத்துவிட்டேன்.

சனிக்கிழமை மதியம், கார்டைக் கழற்றி எடுத்துக்கொண்டு மூன்று மணி பஸ்ஸில் சேலம் போய் மாற்றி வந்துவிடுவது என்று முடிவு. கேபினெட்டின் பக்கவாட்டுத் தகடு திறந்து கிடந்தது. எதற்கும் கடைசியாக ஒருமுறை என்று மரங்களோடு ஓட விட்டிருந்தேன். என் மனைவி என் பெங்களூருச் சட்டைகளை மடித்து வைத்துக்கொண்டிருந்தாள். அதைப் பார்க்க எனக்குத் தைரியமில்லை. அரை நாள் வேலை முடிந்து அண்ணி அப்போதுதான் வந்தார். குழந்தையை இடுப்பில் வாங்கிக்கொண்டு, அந்த ஐப்பசிக் காலைக்குப் பிறகு ஒருநாளும் வராத தூரத்துக்கு, மேசைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். எதையும் தொடவில்லை. கேபினெட்டுக்குப் பின்னால் காற்றுக்கு நேராக உள்ளங்கையைப் பிடித்தார். மேலே ஒருமுறை, கீழே ஒருமுறை.

“ஏனுங்க தம்பி, தப்பா நெனச்சுக்காதீங்க. மேல பழைய மாதிரியே நொம்பச் சூடா வருதுங்க. கீழ புதுசா மாட்டுனீங்களே, அதுல சில்லுனு வருதுங்களே” என்றார்.

விசிறி சுற்றினால் காற்று சில்லென்றுதான் வரும் என்று எரிந்து விழுந்தேன்.

“இல்லீங்க, வேல செய்யற சாமான் சில்லுனு இருக்காதுங்க. டிரையர்ல சூட்டை இழுத்துத் தர்ற பெல்ட் கழண்டுக்கிட்டா இப்படித்தாங்க ஆவும். காத்தாடி பாட்டுக்குச் சுத்தும், சூடு வராது. எங்கியோ மாட்டாம வுட்டுட்டீங்களாட்ட இருக்குது.”

அவர் கை நின்ற இடத்தில் குனிந்து பார்த்தேன். மானிட்டர் கேபிள் பழைய துளையிலேயே இருந்தது. புதிய கார்டுக்கென்று கீழே அதே மாதிரி ஒரு துளை, கடையில் போட்ட ரப்பர் மூடிகூடக் கழற்றாமல், பளபளவென்று காத்துக்கொண்டிருந்தது. சில கம்ப்யூட்டர்களில் கார்டை மாட்டியதுமே பழைய துளை அடைபட்டு, திரை இருண்டு, நம் தப்பைக் காட்டிக் கொடுத்துவிடும். என்னுடையது பழைய வழியிலேயே படத்தைக் காட்டித் தொலைத்தது. மூன்று நாளாக ரைட்டர்தான் ஜீப்பும் ஓட்டியிருக்கிறார், சம்பளத்துக்கு வைத்த டிரைவர் சும்மா உட்கார்ந்திருந்திருக்கிறார். கேபிளைப் பிடுங்கிக் கீழே செருகினேன். நாற்பது மரங்களுக்கு நடுவே, வழுக்கிக்கொண்டு போகிற மாதிரி நடந்தேன். என் மனைவி மடித்த சட்டையைக் கையில் வைத்தபடியே வந்து நின்று பார்த்தாள்.

மறுநாள் சென்னைக்காரர் வந்தார், நடந்தார், மரத்தடியில் நின்று சுற்றிலும் பார்த்தார். காபி கொண்டுவந்த அண்ணியும் கதவோரம் நின்று அந்த வீட்டை முழுக்கப் பார்த்துவிட்டு, “ஊடு நல்லாத்தானுங்க இருக்குது. எங்க பாத்தாலும் கண்ணாடியா இருக்குது, துணி எங்கீங்க காயப்போடுவாங்க?” என்று கேட்டார். மெஷினிலேயே காய்ந்துவிடும் என்று சென்னைக்காரர் சிரித்தார். “கரண்ட் போனா என்னுங்க பண்ணுவீங்க?” என்றார் அண்ணி. நான் அவசரமாகப் படத்தை அடுத்த அறைக்கு நகர்த்தினேன். சென்னைக்காரர் என்னை நிறுத்தி, சமையலறைக்குப் பின்னால் துணி காயப்போட ஒரு சிறிய அறை போடச் சொன்னார், எட்டு குடில்களிலும் அப்படியே போடச் சொன்னார். நான் பெங்களூருக்குப் போகவில்லை. இன்றுவரை இங்கேயே இருக்கிறேன். நடுவில் இரண்டு கம்ப்யூட்டர் மாறிவிட்டது, இப்போதிருக்கும் கார்டின் விலையைக் கேட்டால் அண்ணன் நெஞ்சைப் பிடித்துக்கொள்வார். என் வேலை நன்றாக நடக்கிறது. அதற்கு யார் காரணம் என்று கேட்பவர்களுக்கெல்லாம் இந்தக் கேபிள் கதையைச் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன்.

ஆனால் அந்தச் சனிக்கிழமை நடந்த இன்னொன்றை யாரிடமும் சொன்னதில்லை. கேபிளை மாற்றியதும் கார்டு வேலை செய்யத் தொடங்கி, பின்பக்கம் குப்பென்று வெப்பக் காற்று வந்தது. சந்தோஷத்தில் எனக்குத் தாராள மனசு வந்துவிட்டது. “அண்ணி, பாப்பா துணி ஈரமா இருந்தாக் கொண்டாங்க, இதுல காய வைக்கலாம்” என்றேன். அண்ணி குழந்தையை என்னிடம் கொடுத்தார். கொஞ்சம் திரும்பி நின்று, ஸ்வெட்டருக்குள் கையை விட்டு, இடுப்பிலிருந்து பாப்பாவின் சட்டை ஒன்றை உருவி எடுத்தார். அதற்குப் பின்னால் ஒரு பனியன், ஒரு ஜோடி சாக்ஸ்.

“இதுங்களா? இது காஞ்சிருச்சுங்க.”

எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன்.

“நீங்க சத்தம் போட்ட அன்னைலேருந்துங்க. அடுப்புல போட்டா பொகை ஏறுதுங்க, பாப்பா சாமிக்கு இளைக்குது. டிரையர்கிட்ட நிக்கறப்ப எனக்கே வேர்க்குது, சும்மா போற சூடுதானுங்களே” என்று சொல்லிவிட்டு, குழந்தைக்கு அந்தச் சட்டையைப் போட்டுவிட ஆரம்பித்தார்.

ஈரத் துணியை வயிற்றோடு கட்டிக்கொண்டு அந்தக் குளிரில் காலையில் எஸ்டேட் வரைக்கும் நடந்திருக்கிறார். ஒரு நாள் இரண்டு நாள் அல்ல, ஒரு மாதத்துக்கு மேல். என் குழந்தைக்குத் தினமும் உலர்ந்த சட்டை எப்படிக் கிடைக்கிறது என்று எனக்கு ஒருநாள்கூடக் கேட்கத் தோன்றவில்லை. அன்றைக்கே மன்னிப்புக் கேட்டிருக்கவேண்டும். கேட்கவில்லை. பிறகு நாள் போகப் போக, இப்போது போய்க் கேட்டால் என்ன நினைப்பாரோ என்று தள்ளிப்போட்டு எட்டு வருடமாகிவிட்டது.

பாப்பா இப்போது மூன்றாம் வகுப்பு. எழுத்துக்கூட்டாமல் நன்றாகப் படிக்கிறாள். அண்ணிக்குக் கண்ணாடி போட்டாலும் சின்ன எழுத்து தெரிவதில்லை. அதனால் இந்த ஞாயிறு சர்ச்சுக்குப் போய் வந்ததும் பாப்பாவையே நான் எழுதியிருக்கும் இதைப் பெரியம்மாவுக்கு வாசித்துக் காட்டச் சொல்லியிருக்கிறேன். “இதையெல்லாமுங்களா எழுதுவாங்க?” என்று எனக்குத் திட்டு விழும். விழட்டும். தான் போட்டு வளர்ந்த சட்டை எங்கே காய்ந்தது என்று அவள் அதைக் காயவைத்தவருக்கே வாசித்துக் காட்டும்போது, நானும் பக்கத்தில் உட்கார்ந்திருக்கப் போகிறேன்.