அத்தா வாசித்த கிரேக்கப் புத்தகம்

இன்று வாங்கிய செருப்பின் தோல் வாசனை, அறுபதுகளில் பேகம்பூரில் நடந்துவந்து, இப்போது இல்லாமல்போன எங்கள் தோல் மண்டிக்குள் என்னைக் கொண்டுபோனது. அங்கே மாலைதோறும் அத்தா வேலையாட்களை உட்காரவைத்து, கைமீறிப் போனதற்கு அழாதவனே நன்றாக வாழ்பவன் என்று சொல்லும் கிரேக்க ஞானிகளின் புத்தகத்தைச் சத்தமாக வாசிப்பார், நான் தோல்கட்டில் சாய்ந்தபடி கேட்டுக்கொண்டிருப்பேன்.

என் தங்கச்சி காய்ச்சலில் மவுத்தான மறுவாரம் வாசிக்க உட்கார்ந்தவர், பாதி வரியில் உடைந்து அழுதார். எல்லார் முன்னாலும் அழுதுவிட்ட வெட்கத்தில் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். எனக்கும் அவமானமாக இருந்தது, தரையையே பார்த்தேன்.

தோல் அலசும் கருப்பண்ணன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

“அழுங்க பாய், நாங்கதான இருக்கோம்.”

அத்தா துண்டை எடுக்கவே இல்லை. விளக்கேற்றும் நேரம்வரை ஒருவரும் எழுந்து வீட்டுக்குப் போகவுமில்லை.