செவியடைத்த பொறுமை

பொறுமை பெரிய அணிகலன். பொன்னணியைக் கள்வன் கவர்வான். பொறுமையை எவரும் கவரார். ஆயினும் அது ஒருவரிடம் எவ்வழியாக வந்து சேர்ந்தது என்று துருவி ஆராய்வது நன்றன்று. அவ்வணி பூண்டவள் என்று தெருவே கைகாட்டிய மருமகள் ஒருத்தியைப் பற்றி நாம் ஆராயத்தான் போகிறோம்.

மருத்துவமனைகளில் எடுத்த இரத்தக் குப்பிகளைக் குளிர்பெட்டியில் அடுக்கி, மோட்டார் சைக்கிளில் நெடுஞ்சாலை வழியே பரிசோதனைக் கூடத்தில் சேர்ப்பது அவள் தொழில். கூடத்தார் இட்ட பெயர் ‘ராக்கெட்’. ஒருநாள் வண்டியை நிறுத்திய பின்னும் ராக்கெட்டின் காதுக்குள் கொசு ஒன்று ஓயாமல் ரீங்கரித்தது. காது மருத்துவரிடம் ஓடினாள்.

“எஞ்சின் மேல பழி போடாதீங்க. ஹெல்மெட்டுக்குள்ள புகுற காத்துதான் திருடன். வேகம் ஏற ஏறக் காதைக் கொஞ்சம் கொஞ்சமாத் தின்னுடும். போனது திரும்பாது,” என்றார் அவர்.

“ஹெல்மெட் நல்ல விலை குடுத்து வாங்கினது சார்.”

“அது தலைக்கு. காதுக்கு இது.” மஞ்சள் நிற நுரைத் தக்கைகள் இரண்டை நீட்டினார். “விரலால உருட்டி மெலிசாக்குங்க. காது மடலை மேல இழுத்துச் செருகுங்க. உள்ளே போய் விரிஞ்சுக்கும். ஹாரன் கேக்கும், காத்தோட ஆட்டம் அடங்கும்.”

அடங்கியது. சில நாளில் கொசுவும் விடைபெற்றது.

ஒரு மாலை தக்கைகளைக் கழற்ற மறந்து வீட்டுக்குள் நுழைந்தாள். மாமியார் காத்திருந்தார். தம் தையல் இயந்திரத்தைத் தங்கை இரவல் வாங்கி, ஊசியை ஒடித்துத் திருப்பித் தந்த வரலாறு அவருடைய நித்திய பாராயணம். முன்பெல்லாம் அது தொடங்கியதுமே அடுப்பில் ஏதோ தீய்வதாகச் சொல்லி மருமகள் ஓடிவிடுவாள். அன்றோ, நான்கு வீடு தள்ளி யாரோ ஓதுவதுபோல் அது இனிமையாக ஒலித்தது. மாமியார் மூச்சு வாங்கிய இடமெல்லாம் தலையை ஆட்டினாள். முதல்நாள் மறதியாக இருந்தது மறுநாள் தந்திரமாயிற்று. கூந்தல் காதை மறைத்துத் துணைநின்றது.

மாமியார் உருகிப்போனார். “பெத்த புள்ளகூட பாதியிலே எழுந்து போயிடறான். இவளைப் பாருங்க, முகம் சுளிக்காம கேக்குறா!” என்று மாடிப்படியில் நின்று ஊருக்கெல்லாம் பறைசாற்றினார்.

ஒரு ஞாயிறு காலை, மகனுடைய ஹெல்மெட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு அவர் வண்டியருகே நின்றார்.

“எங்கே அத்தை கிளம்பிட்டீங்க?”

“என்னம்மா இப்படிக் கேக்குற? தங்கச்சி வீட்டுக்கு! அவகிட்ட அந்த ஊசிக்கு ஒரு நியாயம் கேக்கணும், உன் வண்டியிலேயே கூட்டிட்டுப் போறியான்னு வாரம் பூரா கேட்டேன். கேட்ட போதெல்லாம் தலையை ஆட்டினியே!”

கதவோரம் நின்ற கணவன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். “வாக்குக் குடுத்தா காப்பாத்தணும், ராக்கெட்.”

ஆட்டிய தலைக்கு வண்டியை ஓட்டித்தான் தீரவேண்டியதாயிற்று. நெடுஞ்சாலையில் மாமியார் காற்றோடு போட்டியிட்டுப் பேசிக்கொண்டே வந்தார். வென்றது காற்று. பாதி வழியில் பெட்ரோல் நிலையத்தில் இறங்கி இருவரும் ஹெல்மெட்டைக் கழற்றியதும், மாமியார் காதை விரலால் குடைந்தார்.

“காதுக்குள்ள யாரும்மா விசில் ஊதுறது? நீ பேசுறது கிணத்துக்குள்ள இருந்து வருது!” என்று கத்தினார்.

மருமகளின் பையில் புதிய தக்கை ஒரு சோடி இருந்தது. அதை எடுத்தால் குட்டு உடையும். தெரு முழுதும் பரவிய புகழ் ஒரு நொடியில் கவிழும். எடுக்காவிட்டால், இன்னும் பாதி வழி இருக்கிறது. திரும்பும் வழி முழுதும் இருக்கிறது. போனது திரும்பாது என்று மருத்துவர் சொன்னாரே! புகழ் போனால் வேறு புகழ் தேடலாம்; காதுக்கு எங்கே போவது?

எடுத்தாள், உருட்டினாள். “தலையைச் சாய்ங்க அத்தை.” மடலை மேலிழுத்துச் செருகினாள்.

“அடடா! ஊரே அடுத்த ஊருக்குக் குடிபோன மாதிரி இருக்கே!” மாமியாரின் முகம் மலர்ந்தது. பிறகு கண் மெல்லச் சுருங்கியது. கை நீண்டு மருமகளின் கூந்தலை விலக்கியது. உள்ளே அதே மஞ்சள்.

“அடிப்பாவி! இதுதானா உன் பொறுமை?”

மருமகள் பழக்க தோஷத்தால் தலையை ஆட்டினாள்.

“எப்போ இருந்து?”

“ஊசி நூறாவது தடவை ஒடிஞ்ச நாள்ல இருந்து அத்தை.”

மாமியார் கையை ஓங்கினார். ஓங்கிய கை அடிக்கவில்லை, ஹெல்மெட்டை மாட்டியது. “வண்டியை எடு. வீட்டுக்குப் போய் வச்சுக்கிறேன்.”

தங்கை வாசலிலேயே தன் பக்கத்து நியாயத்தைத் தொடங்கினாள். இயந்திரம் வரும்போதே ஊசி வளைந்திருந்ததாம். மாமியார் தக்கையைக் கழற்றவில்லை. நாற்காலியில் அமர்ந்தார்; புன்னகைத்தார்; தங்கை மூச்சு வாங்கிய இடமெல்லாம் தலையை ஆட்டினார். பேசிப் பேசிக் களைத்த தங்கை கண்கலங்கினாள். “நீ இவ்வளவு பொறுமையாக் கேப்பேன்னு நினைக்கவே இல்லக்கா. தப்பு என் மேலயும் இருக்கு.”

மாமியார் அதற்கும் தலையை ஆட்டினார். மருமகளை நோக்கி ஒரு கண்ணைச் சிமிட்டினார்.

வீட்டுக்கு வந்ததும் தீர்ப்பு வழங்கப்பட்டது: “ரோட்டுல அடைச்சுக்கோ. வாசப்படி ஏறினா கழட்டிடு. உனக்குச் சொல்ல வேற கதை வச்சிருக்கேன்.” தெருவில் மட்டும் அவர் மூச்சுவிடவில்லை. பொறுமைசாலி என்ற பெயர் இன்று அவ்வீட்டில் இருவருக்கு உண்டு.

செவியைப் படைத்த இறைவன், சாலையில் அதைக் காக்கும் அறிவையும் இல்லத்தில் அதைத் திறந்துவைக்கும் அன்பையும் அந்த மனைக்கு அருள்க! அங்கே பேச்சும் குறையாதிருக்க. கேட்கும் காதும் குறையாதிருக்க!