முன் சக்கரத்துக்குப் பிரேக் கிடையாது

எட்டு வயது வரை சித்தி எனக்கு மட்டுமே சொந்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அம்மாவின் தங்கை அவள். டிப்ளமோ முடித்து ஏர்போர்ட்டில் வேலை கிடைத்ததும் ஜோகுபாளையத்தில் இருந்த எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். விமானச் சக்கரங்களையும் பிரேக்குகளையும் கழற்றி மாட்டுவது அவள் வேலை. ஷிப்ட் முடிந்து வரும்போது நகக்கண்களில் கரி படிந்திருக்கும். அம்மா அதைப் பார்த்து முகம் சுளிப்பாள். எனக்கோ அது எந்த விமானத்தின் கரி என்று தெரிந்தால்தான் சோறு இறங்கும்.

விமானம் எப்படி நிற்கிறது என்று கேட்டால் போதும், சித்தி சமையலறையிலிருந்து சாப்பாட்டுத் தட்டுகளைக் கொண்டுவந்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்குவாள். ஒரு தட்டு சக்கரத்தோடு சுற்றும், அடுத்தது அசையாமல் நிற்கும், அதற்கடுத்தது சுற்றும். பைலட் பிரேக்கை மிதித்ததும் எண்ணெய் அழுத்தத்தில் எல்லாத் தட்டுகளும் ஒன்றையொன்று நெருக்கிப் பிடிக்கும். அந்த உரசலில்தான் அவ்வளவு பெரிய விமானம் நிற்கிறது. உண்மையில் அவை கார்பனில் செய்த கனமான வட்டுகள், நகத்தில் படிவது அந்தத் தூள்தான். சக்கரம் வழுக்கப் பார்த்தால் பிரேக் தானாகவே கொஞ்சம் விட்டுக்கொடுத்து மறுபடி பிடித்துக்கொள்ளும். இதெல்லாம் எங்கள் இருவருக்குள் மட்டும் இருக்கும் ரகசியம் என்று நம்பியிருந்தேன். பள்ளிக்கூடத்தில் ஒருத்தியிடமும் மூச்சு விட்டதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் சித்தியைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளைக்கு ஹெப்பகோடியில் ஒரு ஃபேக்டரியில் வேலை. அவருடைய அம்மாவும் அக்காவும் கூட வந்திருந்தார்கள். காலையிலேயே அம்மா சித்தியிடம், ஏர்போர்ட்டில் வேலை என்பதோடு நிறுத்திக்கொள், சக்கரம் கிக்கரம் என்று ஆரம்பித்துவிடாதே என்று சொல்லிவைத்திருந்தாள். எனக்கும் வாயைத் திறக்கக்கூடாது என்று உத்தரவு. புடவையும் பூவுமாக வந்து உட்கார்ந்த சித்தியைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை. யாருக்கோ என்று அலங்கரித்து வைத்த மாதிரி இருந்தாள்.

ஏர்போர்ட்டில் என்ன வேலை என்று மாப்பிள்ளை கேட்டார். டெக்னிக்கல் வேலை என்று அம்மா முந்திக்கொண்டாள். சித்தி நிமிர்ந்து பார்த்து, வீலும் பிரேக்கும் மாற்றுகிற வேலை என்றாள். அவருடைய அம்மா கேசரிக் கிண்ணத்தைக் கீழே வைத்தார். அதற்கெல்லாம் ஆம்பளைங்க இல்லையா என்று அக்கா கேட்டார். அப்பா ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மாப்பிள்ளைதான் பேசினார். "அவ்ளோ வேகமா வந்து எறங்குதே, எப்பிடிங்க நிக்குது?"

சித்தி எழுந்து உள்ளே போனாள். திரும்பி வந்தபோது கையில் தட்டுகள்.

எனக்கு வயிறு எரிந்தது. எங்கள் தட்டுகள். யாரென்றே தெரியாத ஒருவர் முன்னால் அவற்றை அடுக்கி, என்னிடம் சொன்ன அதே வார்த்தைகளை ஒன்றுவிடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள். அவர் நாற்காலி நுனிக்கு வந்து கேட்டுக்கொண்டிருந்தார். முன்னால் இருக்கிற சின்ன வீலிலும் இப்படித்தானே என்றார்.

சித்தி வாய் திறப்பதற்குள் நான் சொல்லிவிட்டேன். "முன் சக்கரத்துக்கு பிரேக்கே கிடையாது. அது வண்டி திரும்பறதுக்கு."

அம்மா என்னை முறைத்தாள். அவர் சிரிக்கவில்லை. நாற்காலியை என் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு, பைக் மாதிரி இருக்கும் என்று நினைத்ததாகச் சொன்னார். ஒரு புள்ளி எனக்கு. பிரேக் ரொம்பச் சூடாகிவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டார். சக்கரத்தில் சின்னதாக ஒரு அடைப்பான் உண்டு, அது உருகி, உள்ளே இருப்பதை மெதுவாக வெளியே விட்டுவிடும், அதனால் டயர் வெடிக்காது என்றேன். காற்றையா என்றார். காற்றில்லை, நைட்ரஜன் என்றேன். அதோடு விடாமல், தரையைத் தொட்டதும் இறக்கை மேல் பலகைகள் ஏன் எழுந்து நிற்கின்றன தெரியுமா என்று நானே ஒரு கேள்வி போட்டேன்.

கொஞ்சம் யோசித்தார். "தெரியலைங்க" என்றார். எட்டு வயசுக்காரியிடம்.

விமானத்தை மேலே தூக்குகிற காற்றை அந்தப் பலகைகள் கெடுத்துவிடும், அப்போதுதான் எடை முழுக்கச் சக்கரத்தின்மேல் உட்காரும், எடை உட்கார்ந்தால்தான் பிரேக் பிடிக்கும் என்று விளக்கினேன். நடுவில் அவருடைய அம்மா கிளம்பலாமா என்று எழுந்தார். "இரும்மா, பாப்பா சொல்லிட்டிருக்கா" என்றார் அவர்.

சொல்லி முடித்துவிட்டுச் சித்தியைப் பார்த்தேன். அவள் முகம் முழுக்கச் சிரிப்பு. அவள் பார்வை என்மேல் இல்லை. ஆனாலும் அந்தச் சிரிப்பு எனக்குத்தான் என்று எடுத்துக்கொண்டேன்.

அவர்கள் போனதும் சித்தியின் காதில், அவருக்கு ஒண்ணுமே தெரியல சித்தி, வேண்டாம் என்றேன். ஆமாம், ஒண்ணுமே தெரியல என்று அவளும் ஒத்துக்கொண்டு என் கன்னத்தைக் கிள்ளினாள். மீதமிருந்த கேசரியை எல்லாம் நானே தின்று தீர்த்தேன்.

அந்த வாரமே கல்யாணம் பேசி முடிவாகிவிட்டது. அவருடைய அம்மா முதலில் முரண்டு பிடித்ததாகவும், அவர் விடாமல் பேசிச் சம்மதிக்க வைத்ததாகவும் கேள்வி. சித்தி ஷிப்டுக்குப் போக வசதியாக ஹெப்பாள் பக்கம் வீடு பார்த்தார்கள். ஹெப்பகோடிக்கு ஊரைக் குறுக்கே கடந்து போய்வரும் சிரமத்தை அவர் எடுத்துக்கொண்டார். கல்யாணத்தில் நான் அவரோடு சேர்ந்து போட்டோவுக்கு நிற்க மாட்டேன் என்று அழுது தீர்த்தேன். ஒன்றும் தெரியாத ஆளுக்குப் போய் இவளைக் கொடுத்துவிட்டார்களே என்பது என் ஆத்திரம்.

அவரை நான் ஜெயித்துவிட்டதாகவே ரொம்ப நாள் நினைத்திருந்தேன். அன்றைக்கு நான் பேசப் பேச அவர் தோற்றுக்கொண்டே போனார். அவர் தோற்கத் தோற்கச் சித்தி என்னைவிட்டுப் போய்க்கொண்டிருந்தாள். அது தெரிய எனக்கு வயசு போதவில்லை.