வாசலுக்கு ஒரு நிறம்

என் வீட்டுக்காரர் காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக்கடையில் நிறம் பார்த்துச் சொல்கிறவர். புடவையில் எந்த உடலுக்கு எந்தக் கரை, முந்தானைக்கு என்ன போட்டால் எடுக்கும் என்று அவர் சொல்லிவிட்டால் கல்யாண வீட்டார் மறுபேச்சுப் பேச மாட்டார்கள். நானும் பேசியதில்லை. கல்யாணமாகி வந்த நாள் முதல் என் புடவை, வீட்டுச் சுவர், ஜன்னல் திரை எல்லாமே அவர் பார்த்துச் சரி என்ற பிறகுதான் உள்ளே வந்தன. கால் துடைக்கிற மிதியடிக்கே கான்ட்ராஸ்ட் பார்த்த மகான் அவர்.

செவிலிமேட்டில் வீடு கட்டிக் குடிவந்தபோது காம்பவுண்டு ஓரமாக நீளமாக ஒரு மண் பட்டை மிஞ்சியது. இந்த ஓரிடத்தில் மட்டுமாவது என்ன நிறம் என்பதை நான் முடிவு செய்ய வேண்டும் என்று எனக்கு ஆசை வந்துவிட்டது. ஆனி மாதம் மகளுக்கு வீட்டிலேயே நிச்சயதார்த்தம் என்று பேசி முடித்ததும் வாய்விட்டே கேட்டேன். வெயில் காலத்துக் கடைசியில் தெருவே காய்ந்து கிடக்கும்போது நம் வாசல் பூத்திருக்கட்டும், செடியை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

"கலரப் பத்தி உனக்கு இன்னாம்மா தெரியும்? நீ தண்ணி ஊத்து, போதும்" என்றார்.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு நர்சரிக்குப் போனார். சட்டைப் பையில் பட்டு நூல் துண்டுகள் ஒட்டிய கடை அட்டை. ஒவ்வொரு பூவுக்கும் பக்கத்தில் அட்டையைப் பிடித்து, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். நான் வாடாமல்லியைக் காட்டினேன். வெயில் என்றால் அதற்குக் கொண்டாட்டம்.

"இந்தக் கலர் இப்ப ஓடறதில்ல" என்று நகர்ந்தார்.

கனகாம்பரம்? "வயசானவங்க எடுக்கறது." காகிதப்பூ? "கண்ணக் குத்துது. இப்ப பொண்ணுங்க எல்லாம் பேஸ்டல்தான் கேக்குதுங்க."

செடி வாங்கப் போன இடத்தில் எது விற்கும் என்று யோசித்த மனிதர் அவர் ஒருவராகத்தான் இருப்பார். கடைசியில் வெளிர் ரோஸிலும் இளம் ஊதாவிலும் சந்தன நிறத்திலும் ஒரு வண்டிச் செடி எடுத்தார். எல்லாம் குளிர்ந்த ஊரிலிருந்து வந்தவை, பெயர்கூட என் வாயில் நுழையவில்லை. "சூப்பர் செலக்ஷன் சார்" என்றார் நர்சரிக்காரர். அவருக்கென்ன, வியாபாரம் ஆயிற்று.

ரோஸை உடலாகவும் ஊதாவைக் கரையாகவும் நட்டார். கேட்டுப் பக்கம் சந்தன நிறத்தில் முந்தானை. கடை நண்பர்கள் வந்து பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போனார்கள்.

வைகாசி வெயில் யாருக்கும் தலையாட்டவில்லை. முதலில் முந்தானை கருகியது, அப்புறம் உடல். "நீ ஊத்தறது சரியில்ல" என்றார். இரண்டு வேளையும் ஊற்றினேன். அவருடைய பழைய வேட்டியைப் பந்தலாகக் கட்டினேன். பட்டு சாயம் போனால் கடையில் கொண்டுபோய்ச் சண்டை போடலாம், இதற்கு யாரிடம் போவது? கரை மட்டும் இன்னும் ஒரு வாரம் நின்று, அதுவும் குச்சியானது.

அப்புறம் நான் அவரைக் கேட்கவில்லை. உச்சி வெயிலில் குடையைப் பிடித்துக்கொண்டு தெருத் தெருவாக நடந்தேன். காலையில் எல்லாச் செடியும் நன்றாகத்தான் இருக்கும். மத்தியானம் தலை தொங்காமல் நிற்பது எது என்று பார்க்க வேண்டும்.

"இன்னாக்கா, இந்த வெயில்ல இன்னாத்த தேடிக்கினு இருக்கீங்க?" என்றாள் எதிர்வீட்டுப் பெண்.

சாக்கடை ஓரத்து சிமென்ட் வெடிப்பில் நித்தியகல்யாணி ஜம்மென்று பூத்திருந்தது. வேரோடு கிளப்பிக்கொண்டு வந்தேன். வாடாமல்லி, கனகாம்பரம், தொட்டியில் ஒரு சிவப்புக் காகிதப்பூ எல்லாம் நானே வாங்கினேன். உடலும் இல்லை, கரையும் இல்லை, கைக்கு வந்த இடத்தில் நட்டேன்.

"துண்டு நூலெல்லாம் போட்டு நெய்ஞ்ச மாதிரி இருக்குது" என்று சொல்லிவிட்டு, அன்றிலிருந்து முகத்தை எதிர்ப்பக்கம் திருப்பிக்கொண்டே வீட்டுக்குள் வந்து போனார்.

நிச்சயதார்த்தத்தன்று மாப்பிள்ளையின் அம்மா கேட்டிலேயே நின்றுவிட்டார். "இந்த வெயில்ல எப்படிப் பூத்திருக்குது பாரேன்! யார் வெச்சது, சம்பந்தியா?"

என் வீட்டுக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு முன்னால் வந்தார்.

"அம்மா வெச்சது அத்த. அப்பா வெச்சதெல்லாம் செத்துப்போச்சு" என்றாள் என் மகள்.

எல்லோரும் சிரித்தார்கள். அந்த அம்மாள் என் கையைப் பிடித்துக்கொண்டார். "அப்போ முகூர்த்தப் புடவைக்கும் நீங்களே ஒரு கலர் சொல்லிடுங்க சம்பந்தி. நீங்க சொல்றதுதான்."

கூடம் முழுக்க என்னையே பார்த்தது. சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஒரு நிறமும் வரவில்லை. என் தலை தானாகத் திரும்பி அவர் முகத்தைப் பார்த்தது.