அக்காவின் இடது கை

வாய் திறக்கும் முன்பே எனக்கு அடிக்கக் கை நீண்டுவிடும். எங்கள் ஊர் பிரம்மதேசத்தில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். தெரிந்தும், செவ்வாயும் வெள்ளியும் பக்கத்து வீட்டு அக்கா என் ஆட்டோவில்தான் டயாலிசிஸுக்கு விழுப்புரம் ஆஸ்பத்திரிக்கு வருவார். திண்டிவனத்தில் பஸ் மாறிப் போக அவர் உடம்பில் தெம்பில்லை. நான் வாடகை வாங்கியதில்லை.

ஊசி ஏற்றுவதற்காக அவருடைய இடது கையில் இரண்டு ரத்தக் குழாய்களைச் சேர்த்துத் தைத்திருந்தார்கள். விரல் வைத்தால் தோலுக்குள் மிக்சி ஓடுவது போல உறுமும். உறுமல் நின்றால் அந்தக் கை வீண். அதனால் அக்கா அதில் வளையல்கூடப் போடமாட்டார்.

அன்று வெள்ளிக்கிழமை. ஆஸ்பத்திரி வாசலில் அவரை இறக்கியதுமே, அங்கே ஸ்டாண்டு போட்டிருந்த ஆட்டோக்காரன் ஒருவன் என் சாவியைப் பிடுங்கினான்.

“வெளியூர் வண்டி இங்க வரக்கூடாதுன்னு எத்தினி தடவ சொல்றது? எங்க பொழப்புல மண்ணு போடவா வர்ற?”

“சும்மாதான்டா இட்டுக்கினு வர்றேன். சாவியக் குடு.”

“சும்மாவா? அவள வச்சுக்கினு இருக்கியா?”

அவ்வளவுதான். மூக்கில் ஒரு குத்து விட்டேன். எலும்பு நொறுங்கியது என் விரல் முட்டிக்குத் தெரிந்தது. அவன் ஜாக்கி கம்பியை எடுத்து என் முன்கண்ணாடியை உடைத்தான்; அடுத்த அடி என் தோளில் இறங்கியது. கம்பியைப் பிடுங்கி அவன் முழங்காலில் போட்டேன். விழுந்தவனை மிதித்தேன். கையெடுத்துக் கும்பிட்ட பிறகும் மிதித்தேன். பொய் சொல்வானேன், நன்றாகத்தான் இருந்தது.

“வேணாம் தம்பி, செத்துடப் போறான்!” அக்கா பின்னாலிருந்து என் இடுப்பைக் கட்டிக்கொண்டார். அக்காதான் என்று தெரிந்தேதான் உதறினேன். அவர் வாசற்படியில் போய் விழுந்தார். இடது கை அடியில் மாட்டிக்கொண்டது.

அவர் எழுந்து உட்கார்ந்து, அந்தக் கை மேல் விரல்களை வைத்துப் பார்த்தார். இடம் மாற்றி வைத்துப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

உள்ளே நர்ஸ் ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டார். கை அதற்குள் வீங்கியிருந்தது.

“போன தடவ நல்லா இருந்திச்சேம்மா. யாரு அடிச்சாங்க?”

சட்டையெல்லாம் அடுத்தவன் ரத்தத்தோடு நான் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

“வழுக்கி வுழுந்துட்டேங்க” என்றார் அக்கா.

கழுத்தில் குழாய் இறக்கி அன்றைய டயாலிசிஸை முடித்தார்கள்.

செவ்வாய்க்கிழமை காலையில் புதுக் கண்ணாடி போட்ட ஆட்டோவை அவர் வீட்டு வாசலில் நிறுத்தினேன். கழுத்துக் கட்டோடு, பையைத் தோளில் மாட்டிக்கொண்டு அவர் வெளியே வந்தார். ஏறச் சொன்னேன்.

“நான் பஸ்லயே போய்க்கிறேன் தம்பி” என்றார், துளிக் கோபம்கூட இல்லாமல்.